அழிறப்பர் ராத்தாவும் என் வலது புருவமும்

புத்தளம் மாவட்டத்தில் அதிகமான குடும்பங்களைப் பிரியாமல் காப்பாற்றியவர் விவாகரத்து விசாரிக்கும் எந்தக் காதியாரும் அல்லர். கரைத்தீவில், களப்புக் காற்று நேரே வந்து மோதுகிற ஒரு சின்ன ஓட்டு வீட்டில், ஒரு மடக்குக் கட்டிலையும் ஒரு டோச் லைட்டையும் வைத்துக்கொண்டிருக்கும் அழிறப்பர் ராத்தாதான் அவர். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் பதில் சொல்லாமல் "தேத்தண்ணி ஊத்தவா?" என்று பேச்சை மாற்றுவார்கள். அதிலிருந்தே விளங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கெல்லாம் அவர் ராத்தா, அதாவது அக்கா; சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. குவைத்தில் ஏதோ ஒரு அழகு நிலையத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். அங்கே புருவம் வரையவும் படித்தாராம், வரைந்ததை அழிக்கவும் படித்தாராம். ஊருக்கு வந்து பார்த்தால் வரைவதற்குச் சந்திக்குச் சந்தி ஆள் இருந்தது. அழிப்பதற்கு ஒருவரும் இல்லை. பிழையாகப் பச்சை குத்திய புருவத்தோடு வருகிறவர்களுக்கு அழித்துக் கொடுப்பது மட்டும்தான் தொழில் என்று அன்றே முடிவெடுத்துவிட்டார். பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் கிடக்கும் சாமானின் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஆளும் அந்த சாமானைப் போலத்தான், குள்ளம், கெட்டி, கொஞ்சம் தேய்மானம்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் என் அறிவின்மையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் கற்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று பதினாறு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவள். அப்படிப்பட்ட நான், தங்கச்சியின் கலியாணம் வருகிறதென்று சிலாபம் பக்கம் ஒரு சலூனுக்குப் போய்ப் புருவத்தில் பச்சை குத்திக்கொண்டேன். காலையில் எழும்பினால் புருவம் தானாகவே அழகாக இருக்கும், மை தீட்டத் தேவையில்லை என்றார்கள். காலையில் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற ஒருத்தியிடம் இப்படிச் சொன்னால் அவள் விழாமல் என்ன செய்வாள்?

அங்கே போய்ப் படுத்த பிறகுதான் பார்த்தேன், அறையின் மூலையில் ஏணி போட்டு ஒருவர் ஏசி திருத்திக்கொண்டிருக்கிறார். அந்நிய ஆண். தலையைச் சுற்றிக் கட்டிய பர்தாவைக் கழற்ற மாட்டேன் என்றேன். சலூன் பிள்ளை கெஞ்சிப் பார்த்தது. நான் மசியவில்லை. அவர் இறங்கட்டும் என்று அரை மணித்தியாலம் காத்திருந்தோம். அந்த மனிதர் இறங்குகிற ஆளாகத் தெரியவில்லை. ஏணியிலேயே பகல் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டார். கடைசியில் பர்தாவோடேயே குத்தினார்கள். முடிந்ததும் அந்தப் பிள்ளை கண்ணாடியை நீட்டி, "லஸ்ஸனய் மிஸ், ஹரிம லஸ்ஸனய்!" என்று சிங்களத்தில் மெச்சியது. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் சமம். கணித டீச்சருக்கு அதைவிட என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்து பர்தாவைக் கழற்றினேன். கண்ணாடியில் வேறொரு பெண் நின்றாள்.

விஷயம் இதுதான். அன்று அவசரத்தில் பர்தாவை வலது பக்கம் இறுக்கி இழுத்துப் பின் குத்தியிருந்தேன். நெற்றித் தோலும் அதோடு மேலே இழுபட்டிருந்தது. அந்த நிலையில் அளந்து குத்திய புருவம், பர்தா கழன்றதும் தோலோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. ஆக, வெளியே போனால் நான் சித்திரம் மாதிரி இருப்பேன். வீட்டுக்குள் வந்தால் இடது புருவம் "அப்படியா?" என்று கேட்கும், வலது புருவம் "பொய் சொல்லாத" என்று அதட்டும். பார்க்கக் கூடாத ஊர் உலகத்துக்கெல்லாம் அழகு. பார்க்க வேண்டிய ஒரே ஒரு மனிதருக்குக் கோணல்.

அந்த ஒரே மனிதர் அப்போது கட்டாரில் இருந்தார். என் கணவர் அங்கே சாரதி. மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நான் வாற வரைக்கும் நீ இப்பிடியே இரு" என்று சொல்லிவிட்டுப் போனவர். பச்சை குத்துவது ஹராம் என்பதில் மிகவும் கண்டிப்பானவர். கோபம் வந்தால் ஏச மாட்டார், கை நீட்ட மாட்டார், கதைக்காமல் இருந்துவிடுவார். ஏச்சு வாங்கிவிடலாம், அந்த மௌனத்தைத் தாங்க முடியாது. ஆறு மாதத்தில், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் மூன்று வருடம் மனதில் வைத்துக்கொண்டிருந்த முகம் ஒன்று, நான் காட்டப்போகிற முகம் இன்னொன்று.

ஒவ்வொரு நாளும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீடியோ கோல் எடுப்பார். நான் பர்தாவோடேயே போய் உட்காருவேன். முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் கேட்டார்.

"ஏன் ஒவ்வொரு நாளும் பர்தாவோட இரிக்கிறாய்? வீட்டில யாரு?"

"மேசன் பாஸ் வந்திரிக்கார்" என்றேன். இல்லாத கொத்தனார் ஒருவரை உண்டாக்கிய அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

"இந்த நேரத்திலயா? என்ன வேலை?"

"கூரை. பகல்ல வெயில் எண்டு இப்பத்தான் செய்யிறார்."

"நல்லம். பாஸுக்கு என்ட சலாத்தச் சொல்லு."

நான் திரும்பி, ஆளில்லாத குசினி அடுப்படியைப் பார்த்து, "பாஸ், அவர் சலாம் சொல்றார்!" என்று கத்தினேன். பூனை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அன்றிலிருந்து அந்த பாஸ் எங்கள் வீட்டை விட்டுப் போகவேயில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தது, மகளுக்குக் கலியாணம் நடந்தது, வேலை இழுபட்டது. நான்காம் மாதம் வேறு வழியில்லாமல் அவரை மக்காவுக்கு, உம்றாவுக்கு அனுப்பி வைத்தேன். "பாஸ்தான் இல்லயே, பொறகு பர்தா ஏன்?" என்றார். "பாஸ்ட மச்சான் வந்திரிக்கார்" என்றேன்.

இது முற்றுவதற்கு முன்பே, ஆசிரியர் அறையில் ஒரு சிநேகிதி என் காதைக் கடித்தாள். "கரைத்தீவில ஒரு ராத்தா இரிக்காங்க. நம்பர் தாறன். நான் தந்த எண்டு யாரிட்டயும் சொல்லிராத." அவள் புருவத்தை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். இத்தனை வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தும் அது அழித்த புருவம் என்று எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கை பிறந்தது.

தொலைபேசியில் ராத்தா இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார். "அடையாள அட்ட இரிக்கா?" இருக்கிறது என்றேன். "தொழுகை இல்லாத நாள் எப்ப?" மாதவிலக்கு நாளையா கேட்கிறீர்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவரே விளக்கினார்: "குத்தினாப் பொறகு ஏழு நாளைக்குத் தண்ணி படக் கூடாது புள்ள. தொழுகைக்கு முகம் கழுவி ஒளு எடுக்கிற நாள்ல வந்தா நீயும் குழம்பி என்னையும் குழப்புவாய். அந்த ஏழு நாளாப் பாத்து வா."

ராத்தாவின் நாட்காட்டி முழுக்க அந்தக் கணக்குத்தான். மாவட்டத்தில் பாதிப் பெண்களுக்கு எப்போது தொழுகை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதில் ஒரு எழுத்துக்கூட வெளியே கசிந்ததில்லை.

புத்தளத்தில் இறங்கி, எலுவன்குளம் பஸ்ஸைப் பிடித்து, ஒரு வெயில் பொழுதில் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் ஒரு கண்ணாடிகூட இல்லை. அலுமாரிக் கதவில் இருந்த கண்ணாடிக்கும் பழைய பெருநாள் துணியொன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார். என் அடையாள அட்டையை வாங்கி டோச் அடித்துப் பார்த்தார்.

"இதுதான் உன்ட சொந்தப் புருவம். கலியாணப் படம் எல்லாம் பொய். அடையாள அட்டையில மட்டும்தான் எல்லாரும் அல்லாஹ் படைச்ச மாதிரி இரிப்பாங்க. சரி, படு. எந்த ஊர்?"

"கற்பிட்டி."

"ஓ. மீன் இரிக்கி, ஆணம் ஆக்கத் தெரியாத ஊர்."

எங்கள் மீன் குழம்பையா பழிக்கிறார், எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்ன சொன்னீங்க?"

"நானா புள்ள சொல்றன்? ஊரே சொல்லுது. மீனச் சுடுதண்ணியில குளிப்பாட்டி எடுத்து வெச்சிட்டு, மீனாணம் எண்டு பேர் வெப்பீங்களாம்."

நான் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். "இஞ்ச பாருங்க ராத்தா, எங்கட உம்மா கொடுவா ஆணம் ஆக்கினா நாலு வீடு தாண்டி மணக்கும்! நீங்க வாய்க்கு வந்தபடி..."

"அப்பிடியே இரு! அசையாத!" டோச் வெளிச்சம் கண்ணில் அடித்தது. ராத்தா பென்சிலால் என் நெற்றியில் இரண்டு கோடு போட்டார். "ம். கோவத்தில வலது ஒரு நூல் கீழ நிக்கிது."

பிறகுதான் விளங்கியது, இது அவருடைய அளவெடுக்கும் முறை. "படுத்திருக்கக்குள்ள எல்லாப் புருவமும் நல்ல பிள்ளதான். கோவம் வந்தாத்தான் உண்மை தெரியும். மாப்பிள்ளைமார் மாதிரி" என்றார். இதற்காக ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வசவு தயாராக வைத்திருந்தார். மாம்புரிக்காரிகளுக்கு அவர்கள் தோட்டத்துக் கத்தரிக்காயில் புழு. புத்தளம் டவுன்காரிகளுக்கு அவர்கள் கதையில் உப்புக் கூடுதல். தன்னைப்போல மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களையும் விட்டுவைக்க மாட்டார். "இஞ்ச வந்து இத்தன வருசம், இன்னும் மன்னார்ல பெரிய வீடு இருந்தது எண்டு புளுகுறாய் என்ன?" என்றால் போதும், அந்தப் புருவம் கூரையைத் தொடும்.

ஒருமுறை ஒரு கலியாணப் பெண் வந்தாளாம். எந்த வசவுக்கும் கோபம் வரவில்லை. ஊரைத் திட்டினார், சமையலைத் திட்டினார், மாப்பிள்ளையின் மூக்கைத் திட்டினார். பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள். களைத்துப்போன ராத்தா, "உன்ட மாமி நல்ல தங்கமான மனுசியாமே" என்றாராம். அவ்வளவுதான், இரண்டு புருவமும் துள்ளி எழுந்து நின்றனவாம்.

என்னைப் பர்தா கட்டச் சொன்னார். கழற்றச் சொன்னார். திரும்பக் கட்டச் சொன்னார். "குத்தக்குள்ள இதக் கழட்டல்லயா?"

"ஏசி திருத்திறவர் ஏணியில நிண்டார், ராத்தா."

அவர் சிரித்த சிரிப்பில் மடக்குக் கட்டில் ஆடியது. "பர்தாப் புருவம்! இந்த மாசம் நீ மூண்டாவது ஆள். ஒருத்திக்கு ஏசிக்காரன், ஒருத்திக்குத் தண்ணி போத்தல் கொண்டு வந்தவன். யா அல்லாஹ், ஆம்பிளைகள் கொஞ்சம் வெளிய நிண்டா எத்தன புருவம் தப்பும்!" உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "பயப்பிடாத. ரெண்டு புருவத்திலயும் மூண்டு முறை குத்துவன். முழுசாப் போகும் எண்டு பொய் சொல்ல மாட்டன். மங்கிப் போகும். மேல உன்ட முடி வளந்து மறைக்கும். எனக்குப் பொறுமை இரிக்கி. உனக்கு இரிக்கா?" என்று கேட்டார். "இரிக்கி ராத்தா" என்று கட்டிலில் திரும்பச் சாய்ந்தேன்.

அவர் வேலை உப்பில்தான். பச்சை குத்திய இடத்திலேயே மெல்லிய ஊசியால் திரும்பக் குத்தி, மைக்குப் பதிலாக உப்புக் கரைசலை விடுவார். உப்பு மையை மேலே இழுக்கும், பொருக்குக் கட்டும், பொருக்கு தானாக விழும்போது மையும் கொஞ்சம் போகும். பக்கத்திலேயே உப்பளங்கள் இருப்பதால் அங்கிருந்து மூட்டையில் உப்பு வருவதாக ஊரில் ஒரு கதை. உண்மையில் அது கொழும்பிலிருந்து வரும் சின்னச் சின்னப் போத்தல். ஊசியையும் நம் கண் முன்னால்தான் உறை பிரிப்பார். கதையை நம்பிய ஒரு மாம்புரிக்காரி வீட்டு உப்பையும் தேசிக்காய்ப் புளியையும் போட்டுத் தானே உரசியிருக்கிறாள். நெற்றி அவித்த இறால் மாதிரி ஆகி ஓடி வந்தவளைப் பார்த்து, "இது நெத்தி புள்ள, கருவாடு இல்ல" என்று சொல்லி, டொக்டரிடம் காட்டக் கையோடு கூட்டிப்போனாராம்.

குத்துவதைவிடப் பெரிய சோதனை அதற்குப் பிறகுதான். பொருக்கு கடிக்கும். கை தானாகப் போகும். பிய்த்தால் தழும்பு விழும். ஆகவே ராத்தா நேரம் காலம் பாராமல் அழைப்பார். சலாம் கிடையாது, சுகம் விசாரிப்பு கிடையாது. எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"கை எங்க?"

நான் பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருப்பேன். "சோக்குல இரிக்கி ராத்தா."

"மற்றக் கை?"

"புத்தகத்தில."

"சரி." வைத்துவிடுவார். பஸ்ஸில் இருந்தால், "கம்பியில, ராத்தா." சமைத்துக்கொண்டிருந்தால், "மாவுக்குள்ள, ராத்தா." ஒருமுறை அதிபரோடு கூட்டத்தில் இருந்தபோது அழைப்பு வந்தது. "மேசைக்கு மேல" என்று மட்டும் இரகசியமாகச் சொல்லி வைத்தேன். அதிபர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் வலது புருவம் வெளியே ஒழுங்காகத்தானே இருக்கும், ஆகவே நானும் அவரை ஒழுங்காகப் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால், நெற்றிக்குப் போன கை அந்த அழைப்பு மணி கேட்டுத்தான் எத்தனையோ தரம் பாதி வழியில் திரும்பியிருக்கிறது. நான் சமைத்தேனா, தூங்கினேனா என்று கேட்கப் பலர் இருந்தார்கள். என் கை எங்கே இருக்கிறது என்று கவலைப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் முறை போனபோது, அலுமாரித் தட்டில் ஒரு சின்னச் சட்டம் கண்ணில் பட்டது. உள்ளே மங்கிப்போன பழைய அடையாள அட்டை, ஒரு பெண்ணின் முகம். "யார் ராத்தா?"

"உம்மா" என்றார், உப்புப் போத்தலைத் திறந்துகொண்டே. "தொண்ணூறுல மன்னார்ல இருந்து எங்கள விரட்டக்குள்ள படம் ஒண்டும் எடுத்திட்டு வரல்ல. எல்லாம் வீட்டோட போச்சு. இடுப்பில செருகியிருந்த இந்த அட்ட மட்டும்தான் வந்தது. உம்மாட முகம் எனக்கு இதில மட்டும்தான் இரிக்கி." பிறகு உடனே, "கண்ண மூடு. கற்பிட்டியில இறாலாவது ஒழுங்கா ஆக்குவீங்களா?" என்றார். எனக்கு அன்று கோபம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டதால் கண்ணீர் வந்ததும் பெரிதாகத் தெரியவில்லை.

பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் கணவர் வந்து சேர்ந்தார். நான் வாசலில் பர்தாவோடு நின்றேன். பொருக்கு எல்லாம் விழுந்து, என் சொந்த முடி வளர்ந்து, கண்ணாடிக்கு நான் திருப்திதான். ஆனால் கண்ணாடி மூன்று வருடம் என்னைப் பிரிந்திருக்கவில்லையே. கதவைச் சாத்தினேன். பிஸ்மி சொல்லிப் பர்தாவைக் கழற்றினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகம் மாறியது. தலையை மேலே தூக்கி அப்படியே நின்றார். ஒரு வார்த்தை இல்லை. தொடங்கிவிட்டது மௌனம் என்று கழற்றிய பர்தாவை மடிக்கத் தொடங்கினேன்.

"ஏன் ஓடெல்லாம் பழசாவே இரிக்கி?" என்றார்.

நானும் மேலே பார்த்தேன்.

"அஞ்சு மாசமா அந்த பாஸ் என்ன செஞ்சான்? அவன்ட மச்சான் என்ன செஞ்சான்? உம்றாவுக்கு வேற போனான் எண்டாய்! எங்க வீடு அவனுக்கு?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கதிரையில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சலூன், ஏணி, பின், கோணல், இல்லாத பாஸ், பூனை, கரைத்தீவு, உப்பு. அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் முகத்துக்குக் கிட்ட வந்து இரண்டு புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

"எங்க? எனக்கு ஒண்டும் விளங்கல்லயே" என்றார். "நீ போகக்குள்ள இருந்த மாதிரித்தான் இரிக்கிறாய்."

போனது நானில்லை, அவர்தான். திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது. இடத்தைத் தொட்டுக் காட்டலாம் என்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். அவர் பாதி வழியில் அதைப் பிடித்துக்கொண்டார். "விடு, தொடாத" என்றார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"கை எங்க?"

நான் கீழே பார்த்தேன். "அவர்ட கையில, ராத்தா."

"மாஷா அல்லாஹ்" என்றார் ராத்தா. "மற்றக் கை எங்கயும் போகட்டும். இனி நான் எடுக்க மாட்டன்."

சொன்னபடி அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. என் கணவர் அந்த லீவில் கூரை ஓட்டைத் தானே ஏறி மாற்றினார்; பெயருக்கு நானே சிற்றாள். திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டார். மஃரிபுக்குப் பிறகு வீடியோ கோல் வரும், நான் பர்தா இல்லாமல் போய் உட்காருவேன். ஆனாலும் வகுப்பில் சோக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இன்னும் மணி அடிக்கவில்லையே என்று மனம் தேடியது. ராத்தாவை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆகவே இப்போது கிழமைக்கு ஒருமுறை நானே எடுத்துக் கேட்கிறேன்.

"ராத்தா, கை எங்க?"

"யாரோ ஒருத்திட நெத்தியில, புள்ள" என்பார். "நீ சாப்பிட்டியா?"